எட்டுக்கால் பூச்சி மேல் ஏறிய பழி

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பழைய கிடங்குகளில், மிளகு மூட்டைக்கும் சுக்கு மூட்டைக்கும் நடுவே, ஷட்டர் இறங்கிய பிறகு வேலைக்கு வருகிற ஜீவன் ஒன்று உண்டு. காலை விரித்தால் உள்ளங்கை அகலம். தட்டையான பழுப்பு உடம்பு. பகலெல்லாம் சுவரும் ஓடும் சேரும் இடுக்கில் பதுங்கிக் கிடக்கும், இருட்டியதும் இறங்கும். வலை கட்டுகிற வழக்கம் இல்லை. கரப்பான் பூச்சி நடக்கிற அதிர்வு காலுக்கு எட்டினால் போதும், பக்கவாட்டில் ஒரே ஓட்டம், ஒரே பிடி. சில நாட்களில் அதன் வயிற்றுக்கு அடியில் வெளிர் நிறத்தில் தட்டையான வட்டம் ஒன்று தெரியும். தாய்ச் சிலந்தி உடம்போடு அணைத்துச் சுமக்கும் முட்டைப் பை அது. நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் அதற்குள் இருக்கும்.

கொச்சிக்காரர்கள் இதை எட்டுகாலி என்பார்கள். நம் ஊர்களில் பெரிய எட்டுக்கால் பூச்சி. அறிவியல் பெயர் ஹெட்டரோபோடா வெனட்டோரியா; 1767இல் லின்னேயஸ் விவரித்தது. ஆசியாவின் வெப்ப நிலங்கள்தான் இதன் தாயகம் என்று கருதுகிறார்கள். இன்று ஆப்பிரிக்கா, கரீபியன் தீவுகள், ஹவாய், ஃப்ளோரிடா என்று உலகின் வெப்பப் பகுதி முழுக்க இருக்கிறது. சரக்குக் கப்பல்களிலும் வாழைத்தார்களிலும் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த குடும்பம். பல நூற்றாண்டுகள் மிளகு ஏற்றிய கொச்சி போன்ற துறைமுகங்கள் இந்தப் பயணத்தில் பங்கெடுக்காமல் இருந்திருக்க முடியாது.

சுவரில் இதைக் கண்டதும் துடைப்பத்தைத் தேடுவதுதான் வழக்கம். "கடித்தால் அழுகிவிடும்", "மேலே ஊர்ந்தாலே கொப்புளம்" என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். உண்மையில் இதைக் கையால் அழுத்திப் பிடித்தால் கடிக்கும். குளவி கொட்டியது போல வலிக்கும், கொஞ்சம் வீங்கும், ஓரிரு நாளில் அடங்கிவிடும். அவ்வளவுதான். அப்படியானால் அந்தக் கதைகளில் வருகிற அழுகலும் கொப்புளமும் காய்ச்சலும் எங்கிருந்து வந்தன? அவை பொய்யல்ல. நோயாளியின் உடம்பில் புண் இருப்பது நிஜம். செய்தது யார் என்பதில்தான் குழப்பம்.

எல்லாமே விஷம், ஆனால் யாருக்கு?

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000க்கும் மேல். இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் விஷச் சுரப்பி உண்டு. யூலோபோரிடே என்ற குடும்பம் போன்ற வெகுசிலவே விலக்கு. அந்தக் கணக்கில் மூலையில் ஒட்டடை கட்டி, தொட்டால் உடம்பைக் குலுக்கிச் சுழற்றுகிற நீளக்கால் சிலந்தியும் விஷப் பூச்சிதான். ட்யூப்லைட் பக்கம் கொசுவுக்குக் குறிவைத்துத் தாவுகிற குட்டிச் சிலந்தியும் விஷப் பூச்சிதான்.

ஆனால் அந்த விஷம் ஈ, கொசு, கரப்பான் அளவுக்குத் தயாரான சரக்கு. ஒரு துளி சிலந்தி விஷத்தில் நூற்றுக்கணக்கான புரதத் துண்டுகள் கலந்திருக்கும். பெரும்பாலானவை பூச்சியின் நரம்புகளில் உள்ள சோடியம், கால்சியம், பொட்டாசியம் வாயில்களைக் குறிவைப்பவை. மனித நரம்பின் வாயில்கள் வேறு வடிவம் என்பதால் அவை நம்மிடம் பெரிதாக வேலை செய்வதில்லை. தவிர, பல இனங்களின் நச்சுப்பல் நம் தோலைத் துளைக்கும் நீளமே கிடையாது. மனித ரத்தம் சிலந்திக்கு உணவும் இல்லை. தூங்குகிறவரைத் தேடிவந்து கடிக்க அதற்குக் காரணமே இல்லை. சட்டைக்குள்ளோ செருப்புக்குள்ளோ மாட்டி நசுங்கும்போது, தப்பிக்க வேறு வழியில்லாமல் கடிப்பதுதான் நடக்கிறது. விஷம் தயாரிக்க அதற்கு நாளும் சத்தும் செலவாகும் என்பதால் அந்தக் கடியிலும் சில நேரம் விஷத்தை இறக்காது.

உண்மையான குற்றவாளிகள்

மனிதனுக்கு நிஜமாகவே ஆபத்தான சிலந்திகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதலாவது லேட்ரோடெக்டஸ் பேரினம். விதவைச் சிலந்திகள் என்று ஊடகங்களில் அடிபடும் கூட்டம். பளபளக்கும் உருண்டை வயிறு, பல இனங்களில் சிவப்புக் குறி. பெண் சிலந்தியின் விஷத்தில் ஆல்பா லேட்ரோடாக்சின் என்ற பெரிய புரதம் இருக்கிறது. நம் நரம்பு முனைகளில் தசைக்குச் செய்தி சொல்லும் ரசாயனம் நுண்ணிய பைகளில் சேமித்து வைக்கப்பட்டு, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக வெளியேறும். இந்த நச்சு நரம்பு முனையில் ஓட்டை போட்டுக் கால்சியத்தை உள்ளே விடுகிறது. உடனே அணையின் மதகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது போல மொத்த ரசாயனமும் கொட்டிவிடும். கடித்த இடத்தில் தொடங்கும் வலி ஒரு மணி நேரத்துக்குள் கை, கால், முதுகு, வயிறு என்று ஏறும். வியர்த்துக் கொட்டும். வயிறு பலகை போல் இறுகி, குடல்வால் அழற்சியோ என்று டாக்டரே சந்தேகப்படும் அளவுக்குப் போகலாம். இவ்வளவு பாடுபடுத்தினாலும் சிகிச்சை கிடைத்தால் உயிர் போவது மிக அரிது. ஆஸ்திரேலியாவில் இந்தப் பேரினத்தைச் சேர்ந்த செம்முதுகுச் சிலந்திக்கு 1956 முதல் விஷமுறிவு மருந்து இருக்கிறது. 2014இல் வெளிவந்த பரிசோதனையில், வலி நிவாரணியோடு அந்த மருந்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கும் வலி நிவாரணி மட்டும் பெற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாவது, லாக்சோசிலிஸ். பழுப்புநிற, கூச்சசுபாவி. இதன் விஷத்தில் ஸ்ஃபிங்கோமயலினேஸ்-டி என்ற நொதி உண்டு. அது செல்களின் மேல்சவ்வில் உள்ள கொழுப்பைச் சிதைக்கிறது. கடிபட்ட இடத்தின் சிறு ரத்தக் குழாய்கள் அடைத்து, தோல் நீலம் பாரித்து, சிலருக்கு அழுகிப் புண்ணாகும். ஆற வாரக்கணக்கில் ஆகும். இதே வகை நொதி ஆடுகளுக்குக் கட்டி வரவழைக்கும் ஒரு பாக்டீரியாவிடமும் இருப்பது உயிரியலாளர்களுக்கு இன்னும் வியப்புதான்.

மூன்றாவது, சிட்னி வட்டாரத்தின் புனல்வலைச் சிலந்தி. இதன் நச்சு மனிதனையும் குரங்கையும் கொல்லும். நாய், பூனை பெரும்பாலும் தப்பித்துவிடும். மனிதன் வந்து சேரும்வரை குரங்கினமே வாழாத ஒரு கண்டத்தில் இப்படி ஒரு விஷம்! 13 உயிர்களை வாங்கிய இந்தச் சிலந்திக்கு 1981இல் விஷமுறிவு மருந்து வந்தது. அதன்பிறகு ஒரு சாவுகூட இல்லை. நான்காவது, பிரேசிலின் அலையும் சிலந்தியான ஃபோனியூட்ரியா. உலகம் அஞ்ச வேண்டிய சிலந்திகளின் பட்டியல் ஏறக்குறைய இத்தோடு முடிந்தது. கடைசி இரண்டும் இந்தியாவில் கிடையாது. முதல் இரண்டு பேரினங்களும் நம் நாட்டில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அவற்றால் நேர்ந்ததென்று உறுதியான கடிகள் மிகக் குறைவு.

நம் பக்கத்தில் கொஞ்சம் மரியாதை காட்ட வேண்டிய சிலந்தி வேறு. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் போசிலோதீரியா என்ற மரப்பொந்துச் சிலந்தி. உடம்பெல்லாம் ரோமம், கால்களில் கோலம் போட்டது போல் பட்டைகள். இது கடித்தால் வலி, வீக்கத்தோடு நிற்காது. சில மணி நேரம் கழித்து கடிபடாத கால்களிலும் தசை இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடிப்பு நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில்கூட வந்து வந்து போகும். இதனால் இறந்தவர் என்று உறுதியான பதிவு கிடையாது. இந்தக் குடும்பத்தின் தமிழ்நாட்டு உறுப்பினர் ஒன்று ராமேஸ்வரத்தில் இருக்கிறது. 2004இல் விவரிக்கப்பட்ட அதற்கு அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரையே சூட்டி, போசிலோதீரியா ஹனுமாவிலாசுமிகா என்கிறார்கள். புளிய மரப் பொந்துகளிலும் பனைகளிலும் வாழ்கிறது. அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்த உயிர் இது. நம்மால் அதற்கு நேர்ந்த ஆபத்தோடு ஒப்பிட்டால், அதனால் நமக்கு நேரக்கூடியது ஒன்றுமே இல்லை.

கொடுமண் கோயிலும் அக்கி எழுதுதலும்

கேரளத்தில் சிலந்தி விஷத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சுஸ்ருத சம்ஹிதை 16 வகைச் சிலந்திகளைச் சொல்லி, எட்டு வகையின் விஷத்தைச் சிரமப்பட்டுக் குணப்படுத்தலாம், எட்டு வகைக்கு மருந்தே இல்லை என்று பிரிக்கிறது. அந்த மரபு கேரளத்தில் விஷ வைத்தியமாக வளர்ந்தது. கொச்சி அரச குடும்பத்தைச் சேர்ந்த கொச்சுண்ணித் தம்புரான் மலையாளத்தில் எழுதிய 'பிரயோக சமுச்சயம்' விஷ வைத்தியர்கள் இன்றும் புரட்டும் நூல். பத்தனம்திட்டா மாவட்டத்தின் கொடுமணில் சிலந்தியம்பலம் என்றே பெயர்பெற்ற பள்ளியறை தேவி கோயில் இருக்கிறது. சிலந்தி விஷம் என்று நம்பும் தோல் தொல்லையோடு வருபவர்கள் அங்குள்ள கிணற்றுத் தண்ணீரைத் தீர்த்தமாக எடுத்துக் குளிக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் பழக்கமான ஒரு சாயல் தெரியும். உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் கிளம்பினால் அக்கி என்று சொல்லி, குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் சிங்கம் எழுதி வருவோம். அந்த அக்கி சின்னம்மையின் வைரஸ். சின்ன வயதில் அம்மை போட்டு ஆறிய பிறகும் நரம்பு முடிச்சில் பல்லாண்டுகள் ஒளிந்திருந்து, உடல் தளர்ந்த சமயம் ஒரே நரம்பின் வழியே தோலுக்கு இறங்கிவருகிறது. அதனால்தான் கொப்புளம் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. முதல் 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். பூச்சி கடித்ததென்று நம்பி அந்த மூன்று நாளைக் கடத்திவிட்டால், கொப்புளம் ஆறினாலும் நரம்பு வலி மாதக்கணக்கில் விடாமல் இருக்கலாம்.

சிலந்திக்கடி என்று தவறாக நம்ப வைப்பதில் அடுத்தது, மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பெடரஸ் வண்டு. எறும்பு போல ஒல்லி. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊரும்போது நாம் தூக்கக் கலக்கத்தில் தேய்த்து நசுக்கினால், உடம்புக்குள் இருக்கும் பெடரின் என்ற நச்சு தோலில் தடவப்பட்டுவிடும். அந்த நச்சைத் தயாரிப்பது வண்டுகூட அல்ல, அதற்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. தோலில் ஒரு நாள் கழித்துத்தான் எரிச்சல் கிளம்பும். சாட்டையால் அடித்தது போல நீளக் கோடாகக் கொப்புளிக்கும். அதற்குள் வண்டு எங்கோ போயிருக்கும். காலையில் சுவரில் இருப்பதோ எட்டுக்கால் பூச்சி. தீர்ப்பு எழுத வேறென்ன சாட்சி வேண்டும்?

மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது: ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல், மலையாளத்தில் செள்ளுப்பனி. புல்புதரில் வாழும், கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடித்தால் வருவது. பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகும், வலிக்காது. அக்குளிலோ இடுப்புத் துணிக்கு அடியிலோ இருப்பதால் கண்ணில் படுவதும் அரிது. பட்டாலும் "ஏதோ பூச்சி" என்று விட்டுவிடுவோம். பிறகு கடும் காய்ச்சல், தலைவலி. கவனிக்காமல் விட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகும். 2022 ஜூனில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இந்தக் காய்ச்சலால் உயிரிழப்பு நேர்ந்தது. இத்தனைக்கும் சரியான நேரத்தில் டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்கே கட்டுப்படும் நோய் இது. அந்தக் கறுப்புப் பொருக்கைச் சிலந்திக்கடி என்று சொல்லிவிட்டுக் களிம்பு தடவுவதுதான் உயிருக்கே உலை வைப்பது.

சர்க்கரை நோயாளியின் காலில் பாக்டீரியா புகுந்து சிவந்து பரவும் தொற்றும் இந்த வரிசையில் சேரும். மலையாள எழுத்தாளர் பஷீரின் கதைகளில் வரும் எட்டுகாலி மம்மூஞ்ஞு ஊரில் எது நடந்தாலும் அது தன் வேலைதான் என்று தானே முன்வந்து உரிமை கொண்டாடுவான். நிஜ எட்டுகாலிக்கு அந்தச் சிரமம் இல்லை. ஊரே அதன் பேரில் எழுதிவிடுகிறது.

பிடித்துவைத்து எண்ணிப் பார்த்தபோது

சிலந்திக்கடி என்று சொல்லப்படுவதில் எவ்வளவு நிஜம் என்று சோதிக்க ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி இஸ்பிஸ்டரும் மைக்கேல் கிரேயும் ஓர் எளிய விதி வைத்தார்கள்: கடித்த சிலந்தியைப் பிடித்துக் கொண்டுவர வேண்டும், நிபுணர் அதை அடையாளம் காண வேண்டும். அந்த விதிக்குள் வந்த 750 கடிகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். உலகின் மிக மோசமான சிலந்திகள் வாழும் நாடு. அப்படியும் அந்த 750இல் ஒருவருக்குக்கூடத் தோல் அழுகவில்லை. அங்கே தோலை அழுகவைப்பதாகப் பெயர் கெட்டிருந்தது வெண்வால் சிலந்தி. அதன் 130 கடிகளைத் தனியாகப் பார்த்தபோதும் அழுகல் புண் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு வீட்டில் ஆறு மாதங்களில் 2,055 லாக்சோசிலிஸ் சிலந்திகளைப் பிடித்தார்கள். நிஜமாகவே தோலை அழுகவைக்கக்கூடிய அதே இனம். நான்கு பேர் வாழ்ந்த அந்த வீட்டில் ஒருவருக்கும் கடியின் பாதிப்பு இல்லை. அந்தச் சிலந்தியே இல்லாத மாநிலங்களிலோ டாக்டர்கள் அதன் பேரில் நோயைக் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

பழி மாறுவது பழைய கதை. இத்தாலியின் டாரண்டோ நகரத்தில் சிலந்தி கடித்தவர்கள் வெறிபிடித்தது போல் ஆடினால்தான் விஷம் இறங்கும் என்று நூற்றாண்டுகளாக நம்பினார்கள். குற்றம் சாட்டப்பட்டது வயலில் ஓடும் ஓநாய்ச் சிலந்தி. அதன் கடி சாதாரணம். அதே வயல்களில் சத்தமில்லாமல் வாழ்ந்த விதவைச் சிலந்தி ஒன்றுதான் உண்மையான காரணமாக இருக்கலாம் என்பது இன்றைய கணிப்பு.

நம் நாட்டில் 2012இல் அசாமின் தின்சுகியா மாவட்டத்தில், சதியா பகுதியில், ராட்சதச் சிலந்திகள் கூட்டமாக வந்து கடிப்பதாகப் பீதி பரவியது. இருவர் இறந்ததாகச் செய்தி வந்தது. அவர்கள் முதலில் போனது நாட்டு வைத்தியரிடம். அங்கே கடிவாயைப் பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்றியிருந்தார்கள். உடல்கள் பிரேதப் பரிசோதனை இல்லாமலே தகனம் ஆகிவிட்டன. கொன்றது சிலந்தியா, பிளேடா என்பதற்கு விடை கிடைக்காமலே போயிற்று.

விஷத்திலிருந்து மருந்து

மட்டாஞ்சேரியிலிருந்து பாலங்களைத் தாண்டினால் தேவரா. அங்குள்ள சேக்ரட் ஹார்ட் கல்லூரியின் சிலந்தியியல் பிரிவு கேரளத்துச் சிலந்திகளைப் பட்டியலிட்டுவரும் முக்கிய மையம். உயர் நீதிமன்றத்துக்குப் பின்னால் மூன்று ஹெக்டேர்கூட இல்லாத மங்களவனம் அலையாத்திக் காட்டில் மட்டும் 51 இனங்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். நகரத்தின் நடுவே கொசுவையும் ஈயையும் கூலியில்லாமல் தின்று தீர்க்கும் பட்டாளம். உலகச் சிலந்திகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 40 கோடி முதல் 80 கோடி டன் இரையைத் தின்கின்றன என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

அந்த இரைக்காக உருவான விஷம் இப்போது மனிதனுக்கும் உதவ வருகிறது. ஆஸ்திரேலியப் புனல்வலைச் சிலந்தி ஒன்றின் விஷத்திலிருந்து குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் க்ளென் கிங் குழு ஹெச்ஐ1ஏ என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தது. பக்கவாதம் வரும்போது மூளை செல்களைச் சாகடிக்கும் ஒரு வாயிலை இது அடைக்கிறது. எலிகளில், பக்கவாதம் தொடங்கிப் பல மணி நேரம் கழித்துக் கொடுத்தும் மூளைச் சேதம் குறைந்ததை 2017இல் காட்டினார்கள். மாரடைப்பிலும் இதய செல்களைக் காக்குமா என்று தொடர்ந்து ஆராய்கிறார்கள். அதே கூட்டத்தைச் சேர்ந்த இன்னொரு சிலந்தியின் நச்சை அடிப்படையாகக் கொண்ட பூச்சிக்கொல்லி அமெரிக்காவில் விற்பனைக்கே வந்துவிட்டது.

கடித்தால் என்ன செய்வது?

சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். கடித்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் ஒரு போட்டோ எடுங்கள். நசுங்கியிருந்தாலும் டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது எதுவும் வேண்டாம். டெட்டனஸ் ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்தியாவில் சிலந்திக்கென்று விஷமுறிவு மருந்து தயாராவதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளுக்கான மருந்து சிலந்திக்கு வேலை செய்யாது. தசைப்பிடிப்பு, வாந்தி, வியர்வை, மூச்சுத் திணறல், சிவந்து பரவும் வீக்கம், காய்ச்சல், அடர்நிறச் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கொச்சியில் அமிர்தா மருத்துவமனையில் நச்சுக் கட்டுப்பாட்டு மையமே இருக்கிறது.

எதுவும் கடித்ததைப் பார்க்காமல் புண் மட்டும் வந்திருந்தால், டாக்டரிடம் "எட்டுக்கால் பூச்சி கடித்துவிட்டது" என்று தொடங்காதீர்கள். எந்த நாளில் தொடங்கியது, காய்ச்சல் உண்டா, புல்வெளிப் பக்கம் போனீர்களா, சர்க்கரை இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். உங்கள் உயிரைக் காப்பாற்றப்போகிற விவரங்கள் அவைதான்.